கரி ஏறாத அடுப்பு

வெளிநாட்டுக்காரர் லாயிட் வருகிறார் என்றதும், அடுப்புக் கம்பெனி மேனேஜர் பாலகுமார் காலையிலேயே மர்பி டவுனில் இருந்த உஷா வீட்டுக்கு வந்து, பரண்மேல் கிடந்த புகையில்லா அடுப்பை இறக்கினான். பழைய பேப்பரைக் கொளுத்தி உள்ளே கரி ஏற்றினான். இரண்டு வருடம் எரிந்த அடுப்பு மாதிரி ஆக்கிவிட்டு, லாயிட்டை அழைத்துவரப் போனான்.

உஷா விடுவாளா? வெள்ளிக்கிழமை, விருந்தாளி வேறு. வெந்நீர் அடுப்புச் சாம்பலைப் போட்டே தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். அடுப்பு அன்றுதான் கடையில் வாங்கியது போல மின்னியது.

லாயிட்டுக்கு முன்பே வந்துவிட்ட சுனிதாவுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அடுப்பு கொடுத்த கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதுவது அவள் வேலை. உலக நாடுகள் போட்ட ஒப்பந்தப்படி, இங்கே புகை குறைந்த கணக்கைக் கம்பெனியிடம் விலைக்கு வாங்கி, லாயிட்டின் நாடு தானே குறைத்ததாகக் காட்டிக்கொள்ளலாம். அதைச் சரிபார்க்கத்தான் அவர் வருகிறார். அடுப்பு தினமும் எரிகிறது என்று படிவத்தில் சுனிதா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வேலை இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது.

லாயிட் வந்ததும் அடுப்பைத் தடவிப் பார்த்தார். விரலில் மஞ்சள்தான் ஒட்டியது.

“டெய்லி தேச்சுக் கழுவிடுவாங்கன்னு சொல்லும்மா,” என்றான் பாலகுமார் சுனிதாவிடம் தமிழில்.

சுனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகையில் இருமுவது உஷா. நல்ல பெயர் எடுப்பது எவனோ.

“உஷாக்கா, குளிக்க வெந்நி எதுல போடுறீங்க?”

“விறகடுப்புலதான். சமையலுக்கு கேஸ் இருக்கு. இதுல அண்டா உக்காராது, சும்னே பரண்ல கெடக்குது. குடுத்த அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டாங்க?”

சுனிதா அண்டாவைத் தூக்கிவந்து புது அடுப்பின் மேல் வைத்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உஷா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் லாயிட்டுக்கு இங்கிலீஷில் சொன்னாள். பிறகு தன் பங்குக்கும் சொன்னாள்: இங்கே புகை குறையவில்லை, உங்கள் ஊர்ப் புகையை நீங்கள்தான் குறைக்க வேண்டும்.

எத்தனை வீடுகளில் இப்படி என்று கேட்டார் லாயிட். சுனிதா வீடு வீடாக உண்மையை எழுதி வைத்திருந்த நோட்டை அவரிடம் நீட்டினாள். அவர் அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

பாலகுமார் அவளை வாசலுக்கு இழுக்காத குறையாக அழைத்துப் போனான்.

“நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே.”

சுனிதா வெற்றுப் படிவத்தை அவன் கையில் வைத்தாள்.

“வரல சார். என் கையெழுத்தும் வராது.”