ஞாயிறு இல்லாத வரைபடம்

சாம்பல் புதனன்று காலை, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோவிலிலிருந்து திரும்பிய ஈவ்லின், மருந்து டப்பாவிலிருந்த மனச்சோர்வு மாத்திரை அட்டையை எடுத்து ரவை டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். தவக்காலத்தின் நாற்பது நாளும் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

தவக்காலத்தில் வீட்டுக்கு வீடு ஆளுக்கொன்றை விடுவார்கள். பிடித்ததை விட்டால்தான் அது ஒறுத்தல். பாகற்காயை விடுகிறேன் என்று எவரும் ஆண்டவரை ஏமாற்ற முடியாது. ஈவ்லினின் கணவர் சூசைநாதன் டீயை விட்டார். பத்து மணி ஆனால் அவருக்குத் தலை வலிக்கும், கடைக்கு வருகிறவர்களிடம் எரிந்து விழுவார், பிறகு வருந்துவார். அவருடைய அக்கா விக்டோரியா சீரியலை விட்டாள். கதை என்ன ஆயிற்று என்று மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டாள். ஈவ்லின் இனிப்பை விடுவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். மாத்திரை விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மாத்திரை அவளுக்குப் பிடித்த பண்டமல்ல. ஆனாலும் அதை விட ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல ஆறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் ஈவ்லினுக்கு வலது மார்பில் புற்றுநோய் வந்தது. மார்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிலிகான் இம்ப்ளான்ட் வைத்தார்கள். கெட்டியான பசை போன்ற ஜெல், அதைச் சுற்றி ஒரு மெல்லிய பை, அவ்வளவுதான் அந்தப் பொருள். வெளியிலிருந்து எதை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும்; வேண்டாத விருந்தாளிக்குத் தனியறை ஒதுக்குவது போல. பெரும்பாலானவர்களுக்கு விஷயம் அதோடு முடிந்துவிடும். ஈவ்லினுக்கு முடியவில்லை. இரண்டு வருடம் போனதும் காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. பகலெல்லாம் அசதி. கணக்கு டீச்சரான அவளுக்குக் கரும்பலகை முன்னால் நிற்கும்போது ‘செங்கோண முக்கோணம்’ என்ற சொல் மறந்து போனது. ஸ்கேன் நன்றாக இருந்தது. ரத்தம் நன்றாக இருந்தது. இம்ப்ளான்டினால்தான் இப்படி என்று காட்டித் தரும் பரிசோதனை எதுவும் கிடையாது. எடுத்துவிட்டால் சிலருக்குக் குறைகிறது, சிலருக்குக் குறைவதில்லை.

நான்கு வருடம் அசதியோடு வாழ்ந்தால் மனம் சோராமல் என்ன செய்யும்? போன வருடம் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தொட்டியில் கிடக்கும் சாப்பாட்டுத் தட்டு, மைசூரிலிருந்து நஞ்சன்கூடு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. மனநல மருத்துவர் மகேந்திரன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்பில் வெங்காயம் வதங்கும் வாசனை அவள் மூக்குக்கு வந்து சேர்ந்தது. இத்தனை நாள் வெங்காயம் வாசனையே இல்லாமல் வதங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் விக்டோரியா அந்த அட்டையைப் பார்த்துவிட்டாள்.

“நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் மனசுதான் ஈவ்லின்,” என்றாள். “எங்க ஆபீஸ்ல கெம்பம்மாவுக்கும்தான் மூட்டு வலி. டிபன் கேரியரத் தூக்கிட்டு மூணு மாடி ஏறி வரா. டாக்டரே மனசு மாத்திரை குடுத்திருக்கார்னா அப்புறம் என்ன?”

“அண்ணி, வெரல் மடங்கல. வெரலுக்கு மனசு இருக்கா?”

“இருக்கும்,” என்று சிரித்தாள் விக்டோரியா.

ஜனவரியில் இம்ப்ளான்டை எடுத்துவிடலாமா என்று கேட்க டாக்டர் சௌம்யாவிடம் போனபோது, படிவத்தில் ‘இப்போது சாப்பிடும் மருந்துகள்’ என்ற கட்டத்தில் தைராய்டு, கால்சியம், வைட்டமின் டி என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டாள். நான்காவதை எழுதினால் டாக்டரும் அண்ணி மாதிரிச் சிரிப்பார் என்று பயம். வீட்டுக்கு வந்த பிறகு பொய் உறுத்தியது. தவக்காலம் வந்ததும் அவளுக்கு ஒரு வழி தோன்றியது: மாத்திரையையே நிறுத்திவிட்டால் எழுதினது உண்மையாகிவிடும். மாத்திரை இல்லாமலும் நோய் அப்படியே இருந்தால், இது உடம்புதான், மனசில்லை என்று எல்லோருக்கும் காட்டவும் ஆயிற்று.

சௌம்யா அறுவை சிகிச்சைக்கு ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒரு தேதி குறித்து வைத்திருந்தார், பென்சிலால். அதுவரை நோயின் போக்கைத் தினமும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஈவ்லின் வரைபடத் தாளில் பச்சைக் கோட்டால் விரல் இறுக்கத்தையும், நீலத்தால் அசதியையும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை குறித்து வந்தாள்.

மாத்திரையை விட்ட இரண்டாம் நாள் புதிதாக ஒன்று முளைத்தது. தலையைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் ‘சிட்’ என்று ஒரு மின்வெட்டு. வலி இல்லை. அரை நொடி உலகம் அணைந்து எரிவது போல. மூன்றாம் நாள் கரும்பலகையிலிருந்து வகுப்புப் பக்கம் திரும்பும்போதெல்லாம் சிட், சிட். நான்காம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இதற்குச் சிவப்புக் கோடு போட்டாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை: பை கிழிந்து சிலிகான் கசிகிறது.

பயம் ஒரு பக்கம். இதோ ஆதாரம் கிடைத்துவிட்டது என்ற திருப்தி மறுபக்கம்.

தவக்காலத்தில் ஒரு சலுகை உண்டு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிவரை எண்ணிப் பாருங்கள், நாற்பத்தாறு நாள் வரும். நாற்பது எப்படி வந்தது? ஞாயிறு ஆறையும் கழித்துவிடுவார்கள். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்றைக்கு நோன்பில்லை. சூசைநாதன் ஞாயிறன்று ஐந்து டீ குடித்து வாரத்துக்கும் சேர்த்து வைத்துக்கொண்டார். விக்டோரியா கைப்பேசியில் ஆறு நாள் சீரியலையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தாள். ஈவ்லினும் சட்டத்தை மீறவில்லை. ஞாயிறு காலை ரவை டின்னை நகர்த்தி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம் தலை தெளிந்துவிடும். பூசைக்குப் போய் வந்த பலன் என்று நினைத்தாள். திங்கள் பரவாயில்லை. செவ்வாய் மறுபடி சிட்.

மூன்றாம் வாரம் மின்வெட்டோடு பழைய தூரமும் திரும்ப வந்தது. அடுத்த புதன்கிழமை பள்ளிக்குப் போகவில்லை. குளியலறையில் வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழாயை மூட வேண்டியது வேறு யாரோ என்பது போல. சூசைநாதன் வந்து மூடினார்.

“நாளைக்கு டாக்டர்ட்ட நானும் வரேன்,” என்றார். “நீ வேண்டாம், பேடான்னாலும் வரேன்.”

சௌம்யா கொள்ளேகாலத்துக்காரர். நாற்பது வயதுகூட இருக்காது. மைசூருக்கு வந்து பதினைந்து வருடமாகியும் அந்த ஊர்க் கொங்குத் தமிழ் விடவில்லை.

“வாங் டீச்சர், உக்காருங். சாரும் வந்திருக்காருங்களா? நல்லதாப் போச்சு.” வரைபடத்தை வாங்கி மேசைமேல் விரித்தார். “அட, எத்தனை அழகுங். எங்க கணக்கு வாத்தியாரு பாத்தா உங்களுக்குக் கோயில் கட்டிருப்பாரு.”

“செவப்பு லைனப் பாருங்க டாக்டர்,” என்றாள் ஈவ்லின். “தலையத் திருப்பினா மண்டைக்குள்ள ஷாக் அடிக்குது. லீக் ஆகுது. தேதிய இன்னும் முன்னாடி கொண்டு வரணும்.”

சௌம்யா சிவப்புக் கோட்டில் விரல் வைத்து நடந்தார். ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது கோடு. மெல்ல ஏறுகிறது, தடாலென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.

“நாலாம் நாள் உச்சி. பத்தாம் நாள் உச்சி. பதினாறாம் நாள் உச்சி. அஞ்சு, பதினொண்ணு, பதினேழுல எறக்கம். ஆறு நாளைக்கு ஒருக்கா.” நிமிர்ந்தார். “ஒடம்புக்குப் பகல் ராத்திரி தெரியும், பொம்பளைங்க ஒடம்புக்கு மாசம் தெரியும். ஆறு நாளு எதுக்குங் தெரியும்?”

“தெரியல டாக்டர்.”

“இன்னைக்கு இருபதாம் நாளுன்னு போட்டிருக்கீங்க. ஆரம்பிச்ச தேதியப் பாத்தா இருபத்தி மூணு வரணும். மூணு நாளு எங்கீங் போச்சு?”

“ஞாயித்துக்கிழமை,” என்றார் சூசைநாதன் உதவியாக. “தவக்காலத்துல நாயிறு லெக்கத்துல வராது மேடம். கணக்கு டீச்சரே ஆனாலும்.”

“ஓ. அப்ப ஆறு நாளுங்கிறது ஒரு வாரம்.” சௌம்யாவின் முகம் மலர்ந்தது. புதிரின் முதல் முடிச்சு அவிழ்ந்தால் வரும் மலர்ச்சி அது. “ஞாயித்துக்கிழமை என்னமோ நடக்குது, திங்கக்கிழமை சரியாகுது. சிலிகானுக்குக் கிழமை தெரியாதுங் டீச்சர். அன்னைக்கு என்ன பண்றீங்க?”

ஈவ்லினுக்குக் காது சூடாயிற்று. கேள்வி முடியும் முன்பே விடை அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் பிள்ளைகளிடம் ‘அச்சில் ஒரு எண்ணை விட்டாலும் படம் பொய் சொல்லும்’ என்று சொல்லிக்கொடுத்தவள்.

“மட்டன்,” என்றாள்.

“மட்டன் தின்னா மண்டையில ஷாக் நிக்குமுங்களா?”

ஈவ்லின் பென்சில் தேதியை நினைத்தாள். சொன்னால் அது அழிந்துவிடலாம். சொல்லாவிட்டால், கசியாத பைக்காக அவசரமாக நெஞ்சைத் திறப்பார்கள். சிவப்புக் கோடு அதற்குப் பிறகும் ஏறும்.

“மாத்திர ஒண்ணு சாப்டுவேன் டாக்டர். மனசுக்கு. ஃபார்ம்ல எழுதல. சாம்பல் புதன்லருந்து நிறுத்திட்டேன். ஞாயிறு மட்டும் போடறேன்.”

சூசைநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ இனிப்ப விட்டேன்னல்லவா சொன்னே?”

சௌம்யா சிரிக்கவில்லை. மாத்திரையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாளின் ஓரத்தில் படம் போட ஆரம்பித்தார். “இந்த மாத்திரை தெனமும் வரும்னு நம்பி மூளை தன்னோட அமைப்ப மாத்தி வச்சிருக்குங். மாத்திரையோ ஒரு நாள்ல ஒடம்ப விட்டுப் போயிரும். திடீர்னு நிறுத்தினா மூளைக்கு மறுபடி மாத்திக்க நேரம் பத்தாது. தடுமாறுது. நெறையப் பேருக்கு இதே ஷாக் வரும். மெதுவாக் கொறைச்சா பெரும்பாலும் தொந்தரவு இருக்காதுங்.”

“இன்வெர்ட்டர் மாதிரி,” என்றார் சூசைநாதன். தேவராஜ மொஹல்லாவில் அவருக்கு இன்வெர்ட்டர் கடை. “கரண்டு போயி பேட்டரி எடுக்கற கேப்ல லைட்டு ஒரு தரம் கண்ணடிக்கும்.”

“அதேதானுங் சார். டீச்சரு வாரத்துக்கு ஒருக்கா மெயின் சுவிட்ச்சப் போட்டுப் போட்டு அணைச்சிருக்காங்க.”

“அப்போ எல்லாம் மனசுதானா?” என்று கேட்டாள் ஈவ்லின். நான்கு வருடமாகக் கேட்கப் பயந்த கேள்வி, இவ்வளவு சின்னக் குரலில் வெளியே வந்தது.

சௌம்யா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சிவப்புக் கோட்டை மறைத்தார். “இது மாத்திரையோட கணக்கு. இதைக் கழிச்சிட்டோம். இப்பப் பச்சையப் பாருங்.”

பச்சைக் கோடு ஏழிலேயே கிடந்தது. நீலம் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். சிவப்பு ஏறினாலும் இறங்கினாலும் இவை இரண்டும் அசையவில்லை. சௌம்யா ஜனவரித் தாளையும் பக்கத்தில் வைத்தார். மாத்திரையைத் தினமும் சாப்பிட்ட அந்த மாதத்திலும் பச்சை ஏழிலேயே இருந்தது.

“மாத்திர போட்டும் கொறையல, விட்டும் ஏறல. வெரலு நெசமாவே நோவுது. இம்ப்ளான்டாலதானான்னு இப்பவும் எனக்குத் தெரியாதுங், பொய் சொல்ல மாட்டேன். எடுத்துப் பாக்கலாம்கறதுல மாத்தமில்ல. மனசும் நெசமாத்தான் சோந்திருக்கு. ரெண்டும் ரெண்டு நோயி. ஒண்ணுக்கு வைத்தியம் பாத்தா இன்னொண்ணு பொய்யாயிருமுங்களா?”

பென்சில் தேதியை அழித்தார். ஈவ்லின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் பேனாவால் எழுதினார். “அதுக்குள்ள மனசு நிலைக்கு வரணும். இப்பவே மகேந்திரன் டாக்டருக்குப் போன் பண்ணுங். மாத்திரை அவருது, எப்படி மறுபடி ஆரம்பிக்கணும்னு அவருதான் சொல்லணும்.”

மகேந்திரன் போனில் திட்டவில்லை. வாழவே வேண்டாம் என்று தோன்றியதா என்று நேராகக் கேட்டார். அந்த அளவுக்கு இல்லை, வாளி நிரம்பியது மட்டும்தான் என்றாள். குறைந்த அளவில் இன்றே ஆரம்பிக்கச் சொன்னார், சாப்பிட்டுவிட்டு. சனிக்கிழமை நேரில் வரச் சொன்னார்.

மருந்துக் கடையில் புது அட்டை வாங்கிக்கொண்டு பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்தார்கள். மதியக் கூட்டம். பகிர்ந்துகொண்ட மேசையில் எதிரே இரண்டு பேர் கன்னடத்தில் நிலப் பத்திரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்,” என்றார் சூசைநாதன்.

“உங்க அக்காட்ட சொல்லிடுவீங்க.”

அவர் யோசித்தார். “சொல்லிருப்பேன்,” என்று ஒப்புக்கொண்டார். “இனிமே சொல்ல மாட்டேன். டாக்டர் ரெண்டு நோயின்னாரே, அத மட்டும் அக்காட்ட நான் சொல்லட்டா?”

“அத நானே சொல்லிக்கறேன்.”

செட் தோசை வந்தது. இரண்டைத் தின்று முடித்துவிட்டு ஈவ்லின் பையைத் திறந்தாள். பழக்கத்தில் கை மேசைக்கு அடியிலேயே மாத்திரையைப் பிதுக்கப் போயிற்று. நிறுத்தி, அட்டையை எடுத்துத் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று வியாழக்கிழமை.

தட்டெடுக்க வந்த சப்ளையர் அட்டையைப் பார்த்தார். “ஷுகரா மேடம்?”

“இல்ல,” என்றாள் ஈவ்லின். “மனசுக்கு.”

நிலப் பத்திரக்காரர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பத்திரத்துக்குப் போய்விட்டார். சப்ளையர் அவளுடைய தம்ளரைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் சில்லென்றிருக்கவே தலையை ஆட்டினார், உள்ளே போய் மாத்திரை விழுங்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.