மாத்திரையும் ஒரு தம்ளர் பாலும்

"ரெண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டும் எலும்பு இன்னும் மெலிஞ்சுதான் போயிருக்கு," என்றார் டாக்டர். "தினமும் போட்டுக்கிற ஊசிக்கு மாத்திடலாம். இனிமே மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகாதீங்க. ஒரு மாடு இடிச்சாப் போதும், இடுப்பு போயிடும்."

அமெரிக்காவில், விஸ்கான்சினில் எங்கள் பண்ணையில் அறுபது பசுக்கள். நாற்பத்தாறு வருஷமாக விடியுமுன் நான் போகிற கொட்டகை அது. என் கணவர் டெல்மர் வண்டி ஓட்டி வீட்டுக்கு அழைத்து வந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "கன்னுக்குட்டிங்களுக்கு நானே பால் வெச்சுக்கறேன்," என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஊசி வாங்க மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்காரி கிரெட்சன் சீட்டைப் படித்தாள். ஊசிப் பெட்டியை எடுக்கவில்லை.

"பழைய மாத்திரைய எப்படிச் சாப்பிட்டீங்க, லவோன்?"

"ஞாயித்துக்கிழமை காலையில ஒண்ணு. ஒரு வாரம் தவறல."

"எதைக் குடிச்சு விழுங்கினீங்க?"

"பால்தான். எலும்பு மாத்திரையாச்சே."

"பெரிய தம்ளர்," என்றார் டெல்மர் பெருமையாக. "நான்தான் ஊத்திக் குடுப்பேன்."

"பால்ல இருக்கிற கால்சியம் அந்த மாத்திரைய உடம்புல சேர விடாது. வெறும் தண்ணியிலதான் விழுங்கணும். மருந்து தோக்கலம்மா, அது உள்ள சேரவே இல்ல."

"அப்ப ரெண்டு வருஷமும்?"

"பாலோட போச்சு. இருங்க, டாக்டர்கிட்ட பேசறேன்."

"பால் சங்கத்து ஆளுங்க காதுல விழாமப் பேசு," என்றார் டெல்மர்.

மாத்திரை எனக்கு நெஞ்செரிச்சலும் கொடுத்திருந்தது. அதனால் டாக்டர் அதற்குத் திரும்பவில்லை. தினசரி ஊசியும் இப்போதைக்கு வேண்டாமென்று, வருஷத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்துக்கு மாற்றினார். ஏற்றிய அன்று காய்ச்சலடித்தது. ஒரே நாளில் விட்டது.

ஒரு வருஷம் கழித்து எலும்பைப் படம் எடுத்தார்கள். எலும்பு கொஞ்சம் தேறியிருந்தது.

"பெரிய மாடுங்க நடுவுல போகாதீங்க," என்றார் டாக்டர். "கன்னுக்குட்டிங்களப் பாத்துக்கலாம்."

அடுத்த நாள் காலை கொட்டகையிலிருந்தே கிரெட்சனுக்குப் போன் செய்தேன்.

"எங்கேருந்து பேசறேன் தெரியுதா?"

"கன்னுக்குட்டி கத்தறதே, தெரியாம இருக்குமா?"

"நீ மட்டும் அன்னிக்குக் கேக்கலேன்னா நான் இங்க நின்னிருக்க மாட்டேன், கிரெட்சன். நல்லா இரும்மா."

"நான் ஒரு கேள்விதானே கேட்டேன்," என்றாள். "அதுங்க பசியில கத்துது. போய்ப் பால் வைங்க."