ஒரே பிள்ளைக்கு இரண்டு பிராது

சுப்புராயன் மகள் மோகனப்பிரியாவுக்கு நாலு வயது. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், சொன்னதைக் காதில் வாங்க மாட்டாள். எல்.கே.ஜி. மிஸ் மூன்று மாதம் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து அனுப்பாதீங்க என்று சொல்லிவிட்டாள்.

சுப்புராயன் பெல்ட்டை எடுப்பான். அவன் பெண்டாட்டி பாஞ்சாலை, அடி விழுந்த கையோடு மிட்டாயைக் கொடுப்பாள். அந்த வீட்டில் பிள்ளை வளர்த்த லட்சணம் அவ்வளவுதான்.

கடலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "இது திமிரு இல்லீங்க, கவனம் நிக்காத கோளாறு. அடிக்கவும் வேணாம், கேட்டதெல்லாம் குடுக்கவும் வேணாம். வாராவாரம் கூட்டிட்டு வாங்க, பழக்கலாம்."

மாத்திரை எழுதாத டாக்டரை எவன் நம்புவான்? ஞாயிற்றுக்கிழமை மூவரும் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனார்கள். அங்கே குறையைப் பிராதாக எழுதிக் கட்டினால் சாமி விசாரித்துத் தீர்ப்பார்.

எழுதுகிறவர் கேட்டார். "யாரு மேல பிராது?"

சுப்புராயன் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. தலையைச் சொறிந்தான். "எம் பொண்டாட்டி மேலதான். செல்லம் குடுத்தே கெடுத்துட்டா. எழுதுங்க."

அவன் கட்டிவிட்டு வந்ததும் பாஞ்சாலையும் ஒரு காகிதம் வாங்கினாள். "எம் புருசன் மேலங்க. அடிச்சே புள்ளைக்குப் புத்தி கலங்க வச்சிட்டாரு."

டாக்டரிடம் போகிற நாள் வந்தது. பாஞ்சாலை கிளம்பி நின்றாள்.

"சாமிகிட்ட கேசு நடக்குது. அங்கயும் போனா ஒரே கேச ரெண்டு கோர்ட்டுல போட்ட மாதிரி. சாமி தள்ளிடும்" என்றான் சுப்புராயன்.

"அப்ப வாபஸ் வாங்குங்க."

"மொதல்ல நீ வாங்குடி."

"மொதல்ல கட்டுனது யாரு?"

யாரும் வாங்கவில்லை. அவன் காலில் ஆணி ஏறியபோது, சாமி கேட்டுட்டாரு என்றாள் அவள். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது அவன் சூடம் ஏற்றினான்.

இருவருக்கும் பீங்கான் பட்டறையில் வேலை. பிள்ளையையும் அங்கேதான் கூட்டிப்போனார்கள். ஒருநாள் மோகனப்பிரியா ஓடிய ஓட்டத்தில், பொம்மை காயவைத்த பலகை சரிந்து அத்தனையும் நொறுங்கியது.

"கட்டிப் போட்டுட்டு வேலையப் பாருங்க. இல்லன்னா நின்னுக்கங்க" என்றார் முதலாளி.

பழைய புடவையைக் கிழித்து, பிள்ளையின் இடுப்பை மேசைக்காலோடு கட்டினாள் பாஞ்சாலை. சுப்புராயன் முடிச்சை இழுத்துப் பார்த்து இறுக்கினான்.

பிள்ளை முதலில் கத்தினாள், துணியைக் கடித்தாள். இரண்டு மாதம் போனபின் அவிழ்த்துவிட்டாலும் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா, உக்காருது. கேசு முடிஞ்சிட்டுது" என்ற சுப்புராயன், வாபஸ் எழுத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பாஞ்சாலை மகளின் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.