படிவத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

ஆண்கள் சொல்லும் காரணங்களை நான் நம்புவதில்லை. என் முதல் கணவன் வீட்டைவிட்டுப் போன வாரம்கூட வேலை விஷயம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். அதனால் செப்டம்பரில் வெண்டல், "கல்யாணத்தை டிசம்பருக்குத் தள்ளிக்கலாம் கோரின்" என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

"ஏன்?"

"கெய்லினோட உதவித்தொகை படிவம் அக்டோபர்லதான் திறக்கும். அதுல நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினப்புறம் பண்ணிக்கலாம். இல்லேன்னா என் சம்பளமும் கணக்குல வந்துடும், அவளுக்குக் கிடைக்கறது போயிடும்."

என் மகள் கெய்லினுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த உதவி கிடைத்தால்தான் அவள் பல்கலைக்கழகம் போக முடியும். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வெண்டல் லாரி மெக்கானிக், என்னைவிட இரண்டு மடங்கு வாங்குகிறவன். வசந்தத்தில் மோதிரம் போட்டவனுக்கு இப்போது திடீரென்று படிவம் ஞாபகம் வருகிறதா?

பேருந்து நிலையத்தில், என்னோடு வண்டி ஓட்டும் ட்ரூடி உதட்டைப் பிதுக்கினாள். "அந்தப் படிவம் ரெண்டு வருஷத்துக்கு முந்தின வரிக்கணக்கைத்தானே கேக்குது? அப்ப நீங்க ரெண்டு பேரும் யாரோ எவரோ. நல்லா காது குத்தறான்டி உனக்கு!"

அன்று முதல் நான் உளவாளி ஆனேன். அவன் சட்டையை முகர்ந்தேன். அவன் போனோடு கொல்லைப்பக்கம் போனால் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். பர்ஸைத் துழாவியபோது, உதவித்தொகை பற்றிப் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தின் நோட்டீஸ் நாலாக மடித்து இருந்தது. எனக்கு ஷிஃப்ட் இருந்ததால் அவன்தான் போயிருந்தான். பொய்க்குச் சாட்சியைக்கூடத் தயார் பண்ணி வைத்திருக்கிறானே என்று இன்னும் எரிந்தது.

செப்டம்பர் கடைசி வியாழனன்று காபி கோப்பையை நங்கென்று வைத்தேன். "நாளைக்கே கோர்ட்டுக்கு வா, கல்யாணத்தை முடிச்சுக்கலாம். இல்லேன்னா உன் டூல்பாக்ஸைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு."

"கோரின், இன்னும் ஒரே வாரம்..."

"யாருடா அவ?"

அவன் மேசையில் சிந்திய காபியைத் துடைத்தான். பிறகு, "வரேன்" என்றான். வெள்ளிக்கிழமை நீதிபதி முன்னால் கையெழுத்துப் போட்டோம். வரும் வழியில் பர்கர் வாங்கிச் சாப்பிட்டோம். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை மூன்று பேரும் பள்ளி ஆலோசகர் ஹேவர்கேம்ப் அம்மா முன்னால் உட்கார்ந்தோம். கெய்லின் கணினியில் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தாள். பெற்றோரின் திருமண நிலை என்ற கேள்வியில் விரல் நின்றது.

"போன வாரம்தான் பண்ணிக்கிட்டோம். ஆனா கேக்கறது பழைய வருஷ வரிதானே?" என்றேன்.

ஹேவர்கேம்ப் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வரிதாங்க பழசு. கல்யாணம் ஆச்சா இல்லையாங்கறது, நீங்க கையெழுத்துப் போடற நாளைக்கு என்னவோ அதுதான். இனி இவரோட வரியும் சேரும். கூட்டத்துல திரும்பத் திரும்பச் சொன்னேனே. ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?"

கெய்லினின் காதுமடல் சிவந்தது. "அப்ப எனக்கு?"

"பெருசா ஒண்ணும் கிடைக்காதும்மா."

அவள் வெண்டல் பக்கம் திரும்பினாள். "நீதானே அந்தக் கூட்டத்துக்குப் போன? அம்மாகிட்ட சொல்லலையா?"

வெண்டல் தன் எண்ணெய்க் கறை நகங்களைப் பார்த்தான். "மறந்துட்டேன்டா. என் தப்புதான்."

மாதம் முழுக்க நான் தேடிய பொய் அது. கடைசியில் கண்முன்னாலேயே சொல்கிறான், அதுவும் எனக்காக.

"இல்ல. அவன் சொன்னான். நான்தான் நம்பல" என்றேன்.

கெய்லின் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அம்மா, இதுக்கு மேல நீ எதையும் தொடாத. நானே பாத்துக்கறேன்."

அதன் பிறகு நான் சொன்ன என் பிறந்த தேதியைக்கூட அவள் வெண்டலிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் நிரப்பினாள்.