எட்டடி நடைகூடம்

மேற்கே கடல் ஒளிர, கிழக்கே கரும்புக் காடுகள் காற்றில் சாய்ந்தெழ, பனாய்த் தீவில் இவற்றிடையே கிடந்த சிற்றூர் ஒன்றில், முற்பகல் வெயில் பழைய வழக்குமன்றத்தின் தகரக் கூரைமேல் உருக்கிய ஈயம்போல் வழிந்துகொண்டிருந்தது. அம்மன்றத்திற்கு வழி ஒன்றே. நடுவரும் சான்றாளரும் விலங்கிட்ட சிறையாளரும் அவர்தம் சுற்றமும் எட்டடி அகலமே உள்ள அந்த ஒரே நடைகூடத்தில் தோளோடு தோள் உரசி நடந்தனர். ஆறாண்டுகளுக்கு முன், சான்றுரைக்கச் சென்ற தன் கணவன் அங்கே எதிராளியின் உறவினனால் குத்துண்டு விழக் கண்டவள் எல்பீதியா.

ஆதலின், கட்டடக் கலைஞரான அவளிடம் புதிய மன்றத்தை வரையும் பணி வந்தபோது, ஊணும் உறக்கமும் சுருக்கி, ஆளற்ற வீட்டில் தாளோடு தாளாய்க் கிடந்து, நடுவர்க்கும் மக்களுக்கும் சிறையாளர்க்கும் ஒன்றையொன்று தொடாத மூன்று வழிகளை வகுத்தாள். அன்று மாலைக்குள் படத்தை ஒப்படைக்க வேண்டும். அதன்முன் பழைய மன்றத்தின் காவலர் தலைவர் மக்காரியோவிடம் காட்ட அங்கே வந்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "சாவிக்குக்கூட ஒரு அறை போட்டிருக்கீங்கம்மா. பெத்தவளுக்கு எங்க எடம்?"

"மன்றத்துக்குள்ள நாற்காலி இருக்கே அண்ணே. உக்காந்து பாக்கட்டும்."

"பாத்தாப் போதுமா? அங்க பாருங்க."

நடைகூடத்தில், விலங்கிட்ட ஒருவன், சோற்றுப் பொதியோடு காத்திருந்த தன் தாயின்முன் குனிந்து, அவள் புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். மூத்தோரைக் கண்டால் அம்மண்ணில் எவரும் செய்வது அது.

"எலும்பாப் போயிட்டியேடா, தடியா" என்றாள் அவள்.

"செறை ரொம்பத் தொலைவும்மா. மூணு மாசத்துக்கு ஒருக்கா வழக்குக்குக் கூட்டியாரப்ப, இந்த எட்டடிதான் இவங்களுக்கு" என்றார் மக்காரியோ.

"எம் புருசன் செத்ததும் இந்த எட்டடியிலதான்."

"தெரியும்மா. நான்தான் தூக்குனேன்."

அத்தாயின் கையை மீண்டும் ஒருமுறை பார்த்த எல்பீதியா, எழுதுகோலை எடுத்து, மக்கள் வழிக்கும் சிறையாளர் வழிக்கும் இடையே ஒரு சிற்றறையும், அதன் நடுவே தடித்த கண்ணாடிச் சுவரும், குனிந்த நெற்றியின் உயரத்தில் நான்கு விரற்கடை இடைவெளியும் வரைந்தாள்.

"கை நுழைஞ்சாக் கத்தியும் நுழையுமேம்மா?"

"நுழையும். வாசல்லயே சோதிங்க. ரெண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்க." கோட்டை நேராய் இழுத்து முடித்தாள்.

அச்சத்தால் எழும் சுவர் உயிரைக் காக்கும்; மாந்தரை மாந்தராய்க் காப்பதோ, அச்சம் அறிந்தும் விடப்படும் சிறு இடைவெளியே. அவள் நெற்றியில் வைத்துக்கொள்ள, தன் குடியின் மூத்தோர் கை ஒன்றும் அவ்வூரில் இல்லை. பிறர் கைகளுக்கான அளவைப் படத்தின் ஓரத்தில் தெளிவாக எழுதி, தாளைச் சுருட்டிக்கொண்டு, தனியே வெயிலில் இறங்கி நடந்தாள்.