இணை ஓட்டம்

என் நாத்தனாரும் நானும் ஒரே கார்ப் பந்தய விளையாட்டைப் பல ஆண்டுகளாக இணையத்தில் விளையாடி வருகிறோம். அவள் வேறோர் ஊரில் பேருந்து ஓட்டுகிறாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். நாள் முழுவதும் சிக்னலுக்கும் பயணிகளுக்கும் அடங்கி நடப்பவள், திரைக்கு முன் அமர்ந்துவிட்டால் எவருக்கும் வழிவிடமாட்டாள். நானும் விடமாட்டேன். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் பேச்சு ஒட்டவில்லை; ஒட்டவைத்தது அந்தப் பந்தயச் சாலைதான்.

ஆட்கள் குறைந்துவிட்டதால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு சர்வரை நிறுத்துவதாக விளையாட்டு நிறுவனம் அறிவித்தது. அதன்பின் அவரவர் தனியே ஓட்டலாம். ஒருத்தி சாலையில் மற்றவள் வர இயலாது.

எங்களுக்குக் கிட்டாத கோப்பை ஒன்றே ஒன்று: இணை ஓட்டம். இருவர் சேர்ந்து மலைச்சாலையைச் சுற்றிவந்து, ஒரு நொடி இடைவெளிக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டவேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் கோடு கண்ணில் பட்டதும் எங்களில் ஒருத்தி மற்றவளை முந்திவிடுவாள். நீங்கள் இருவரும் வாசற்படியைக்கூடச் சேர்ந்து தாண்டமாட்டீர்கள் என்பது என் கணவரின் நெடுநாள் கேலி. சர்வர் நிற்பதற்குள் அந்தக் கோப்பையை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புக் கேட்டபோது, யாருக்கு உடம்பு சரியில்லை என்றார் முதலாளி. உண்மையைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு அனுப்பினார். நாத்தனாரோ குடும்ப விஷயம் என்று சொல்லிக் காலை முறைக்கு மாறிக்கொண்டாளாம். அது பொய்யும் அன்று.

மலைச்சாலை மாறவே இல்லை. அட்டையில் வெட்டியவை போன்ற மரங்கள். வேலியோரம் ஒரே முகமும் ஒரே சிவப்புச் சட்டையுமாகக் கையசைக்கும் கூட்டம். புதிய விளையாட்டுகளில் ஒவ்வொருவருக்கும் தனி முகம் உண்டு. ஒருவரோடும் எனக்கு ஒட்டவில்லை.

முதல் சுற்றில் அவள் முந்தினாள். அடுத்ததில் நான். ஹெட்செட்டில் வழக்கு தொடங்கியது.

"அண்ணி, நீங்க கொஞ்சம் பிரேக் போடுங்களேன்."

"ஏன், உன் வண்டியில பிரேக் இல்லையா?"

"காலையிலேருந்து பஸ்ல அதைத்தான் மிதிச்சேன். இங்கேயுமா?"

மேலும் சில சுற்றுகள் இப்படியே வீணாயின. இனி ஒரு சுற்றுக்கே நேரமிருந்தது. அதில் சுரங்கப்பாதை வளைவில் அவள் வண்டி சுவரில் மோதிச் சுழன்றது. நான் அப்போது கோட்டை நெருங்கிவிட்டேன். விரல் தானாகவே வேகத்தைக் கூட்டப் பார்த்தது. அதை இழுத்துப்பிடித்து, கோட்டுக்கு முன்பாக வண்டியை நிறுத்தினேன். அந்தக் கோடு ஆங்காங்கே பெயின்ட் உரிந்ததுபோல் வரையப்பட்டிருப்பதை அன்றுதான் கண்டேன். அதற்குமுன் அங்கே நான் நின்றதில்லை.

மணியாகிவிட்டது, தனக்காகக் காத்திராமல் போய்விடுங்கள் என்றாள். கோப்பை இருவருக்கும் சேர்த்துத்தான், தனியே போய் என்ன செய்வது என்றேன்.

நசுங்கிய முகப்போடு வளைவைத் தாண்டி வந்தாள். நிற்கிற என்னைக் கண்டதும், அந்தச் சாலையில் முதன்முறையாகப் பிரேக் போட்டாள். இரண்டு வண்டிகளும் கோட்டுக்கு முன்னே மரியாதையாக நின்றன.

"நீங்க போங்க அண்ணி."

"நீ போடி முதல்ல."

"ஐயோ, ரெண்டு பேரும் போகணும்."

"மூணு வரைக்கும் எண்ணுறேன். மூணு சொன்னதும் கிளம்பு."

"சரி."

"ஒண்ணு. ரெண்டு."

மூன்று வரை பொறுக்க அவளால் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? நானும் இரண்டிலேயே கிளம்பினேன்.

கோடு பின்னால் போயிற்று. திரையில் கோப்பை பொன்னிறமாகச் சுழன்றது. நன்றாகப் பார்ப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற வரி அதன்மேல் விழுந்தது, ஹெட்செட்டும் அடங்கிவிட்டது.

உடனே கைப்பேசி ஒலித்தது. யாருடைய சக்கரம் கோட்டை முதலில் தொட்டது என்று அவளுக்குத் தெரிந்தாகவேண்டுமாம்.