காலி வண்டியில் உறங்கிய தகடு

லிண்ட்சே பாஸ்கோ வடிவமைத்த கருவி உள்ளங்கை அகலம்தான். உள்ளே ஒரு மெல்லிய எஃகுத் தகடு, அதன் நுனியில் ஒரு எடை. வண்டி ஓடும்போது தகடு ஆடும். அந்த ஆட்டத்திலிருந்தே மின்சாரம். அதைக் கொண்டு சக்கரத்தின் பேரிங் சூட்டை அளந்து, ரேடியோ வழியாகத் தண்டவாளத்தருகே உள்ள திரைக்குச் சொல்லும். பில்பரா சுரங்கப் பகுதியில் இரும்புத்தாது ஏற்றும் ரயில் வண்டிகளில் அவற்றைப் பூட்டியவன் நான்.

"வண்டிக்கெல்லாம் உண்ணி புடிச்சிருக்குடா," என்று நெவில் ஹார்க்கின் கேலி செய்வான். கிளைப்பாதையில் நின்று, வந்து சேரும் வண்டிகளின் சக்கரங்களைப் பார்ப்பது அவன் வேலை. திரையில் சிவப்பு என்றால் பேரிங் சூடு, வேலிக்கு அப்பால் நிற்க வேண்டும். பச்சை என்றால் அருகில் நிற்கலாம்.

திங்கட்கிழமை பச்சைதான் காட்டியது. காலி வண்டி ஒன்றின் பேரிங் எரிந்து, சக்கரம் கழன்று மோதி, நெவில் இறந்தான். அருகில் நின்றது அவனுடைய கவனக்குறைவு என்றது விசாரணையின் முதல் அறிக்கை. திரையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

புதன்கிழமை, பட்டறையின் அதிர்வு மேசையில் நானும் பாஸ்கோவும் கருவியை வைத்துப் பார்த்தோம். தாது ஏற்றிய பார வண்டியின் ஆட்டத்துக்குத் தகடு துள்ளியது. காலி வண்டியின் ஆட்டம் அதைவிட வேகமானது. அதற்குத் தகடு அசையவே இல்லை.

"என்னப்பா, செத்துப்போச்சா?" என்றேன்.

"தூங்குது. பார வண்டிய அளந்துதான் தகட்டோட நீளத்தை வெச்சேன். அந்த ஆட்டத்துக்கு மட்டும்தான் ஆடும்."

"அப்ப திரையில எப்படிப் பச்சை வந்துச்சு?"

பாஸ்கோ மேசையை நிறுத்தினான். "காலி வண்டி திரும்பும்போதெல்லாம் மின்சாரம் இல்லாம, தகவல் வராம சும்மா சும்மா சிவப்பு எரிஞ்சுது. எல்லாரும் திட்டினீங்க. தகவல் வரலைன்னா பச்சைன்னு நான்தான் மாத்தி வெச்சேன்."

நாங்கள் போய்ச் சொன்னதும், வக்கீல் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றார் மேலாளர். அன்று மதியமே பாஸ்கோ நெவிலின் மனைவி டெனீஸ் வீட்டுக்குக் கிளம்பினான். தனியே விட மனமில்லாமல் நானும் அவன் காரில் ஏறிக்கொண்டேன்.

வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"அப்ப நெவில் மேல தப்பே இல்லையா?"

"இல்ல, டெனீஸ். பச்சைய நம்பித்தான் நின்னான். தப்பு என்னுது."

கதவை அறைந்து சாத்துவாள் என்று நினைத்தேன்.

"உன்னைய மன்னிக்க என்னால முடியல," என்றாள். "ஆனா வெயில்ல நிக்காத. உள்ள வந்து அதையே எழுதிக் குடு. சனிக்கிழமை அடக்கத்துல, அவன் கவனமில்லாதவன்னு ஒருத்தனும் முணுமுணுக்கக் கூடாது."

வேலை போகும், வழக்கு வரும் என்று தெரிந்தே எழுதினான். எழுத எழுதக் காகிதம் நழுவி நழுவிப் போயிற்று. இப்படிப்பட்ட வீடுகளுக்குள் கர்த்தர் சத்தமில்லாமல் வருகிறார் என்றே நான் நம்புகிறேன். எதிரே உட்கார்ந்த டெனீஸ், அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, காகிதத்தின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.